பெயர் போட எவ்வளவு நேரம் ஆகும்?

நேற்று முதல் நடப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அம்மாவின் கிணற்றடி பற்றி நான் எழுதியது, 'படித்ததில் பிடித்தது' என்று ஒரு பெரிய சமூக ஊடகப் பக்கத்தில் வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு என் கமெண்டை அழித்து, என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

எழுதியவர் பெயரைப் போடுங்கள். நான் கேட்டது இவ்வளவுதான்.

'நீங்கள் எழுதியது என்பதற்கு என்ன ஆதாரம்' என்கிறார் ஒருவர். அவசரத்தில் ஓரிடத்தில் 'கினற்றடி' என்று தட்டிவிட்டேன். அந்தப் பிழையும் அப்படியே அங்கே இருக்கிறது. அவர்கள் கைவைத்த ஒரே இடம் கடைசி வரி. அதில் இருந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு 'தாய்மையைப் போற்றுவோம்' என்று சேர்த்திருக்கிறார்கள்.

பொதுவில் போட்டால் பொதுச்சொத்தா? இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நிற்கும். 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உரிமையையே விற்றுவிட்டாலும், 'இது என் எழுத்து' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடம்தான் இருக்கும். நாலு வரி எடுத்துக்காட்டி விமர்சியுங்கள், சட்டமே இடம் தருகிறது. ஷேர் செய்யுங்கள், என் பெயரோடு போகும். முழுவதையும் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் வெட்டுவது வேறு.

'பாரதி பாட்டே எல்லோருக்கும் பொது, நீங்கள் யார்' என்றும் கேட்டுவிட்டார்கள். நான் யாருமில்லை, சரி. ஆனால் பாரதியின் உரிமையும் தனியார் கையில்தான் இருந்தது. 1949இல் அரசு அதை வாங்கி, பிறகுதான் மக்களுக்குப் பொதுவாக்கியது. இன்றைக்கு யார் அச்சடித்தாலும் அட்டையில் பாரதி பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத்தானே நானும் கேட்கிறேன்?

பணத்துக்காகக் கத்துகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. அம்மா போன பிறகு அந்தக் கிணற்று ராட்டினச் சத்தத்தை நினைத்தாலே கை நின்றுவிடும்.

இன்று காலை சித்தி வாட்ஸ்அப்பில் அதையே எனக்கு அனுப்பியிருந்தார். 'கண்ணு, யாரோ நம்ம அக்கா மாதிரியே ஒருத்தங்களப் பத்தி எழுதியிருக்காங்க பாரு.'

போன் செய்து, அது அம்மாதான் சித்தி, எழுதினது நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அப்புறம் ஏங்கண்ணு உம்பேரு போடல?' என்றார்.