பிடிக்க முடியாத மலையை எழுதி வாங்கிய கதை

பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் விட்டுச்சென்றது என்ன என்று கேட்டால், எல்லோரும் தேவாலயங்களையும் பெயர்களையும்தான் காட்டுவார்கள். 1849-இல் ஆளுநர் கிளாவேரியா ஒரு பட்டியலை அனுப்பி ஊர் ஊராகக் குடும்பப் பெயர் சூட்டவைத்தது உண்மைதான். மதமும் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், இன்றைக்கும் ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றும் வலு உள்ள மிச்சம் நிலச் சட்டத்தில்தான் இருக்கிறது. நிலம் முழுவதும் முதலில் மன்னருடையது, அவர் எழுதிக் கொடுத்தால்தான் மற்றவருக்கு உரிமை என்பதுதான் அது. ரிகாலியன் கோட்பாடு என்பார்கள்.

1565-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபு தீவில் வந்து இறங்கியபோது அந்தத் தீவுகளில் இருந்தவை பராங்காய்கள் என்ற சிறு குடியிருப்புகள். தாத்து என்ற தலைவனின் கீழ் சில பத்துக் குடும்பங்கள், அவ்வளவுதான். நிலம் தாராளம், உழைக்கும் கைகள் குறைவு. அதனால் ஒரு தாத்துவின் செல்வாக்கை அவனை அண்டியிருந்த ஆட்களை வைத்தே அளந்தார்கள். அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கடனில் விழுந்தவன் அலிப்பின் என்ற அடிமை நிலைக்குப் போனான். பக்கத்துத் தீவுகளில் ஆள் பிடித்து வருவதும் நடந்தது. ஆனாலும் கடல் கடந்த ஒரு அரசனின் கையெழுத்து இல்லாததால் உன் வயல் உன்னுடையது அல்ல என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

ஸ்பானியர் அதைச் சொன்னார்கள். சிதறி வாழ்ந்தவர்களைத் தேவாலய மணியோசை கேட்கும் தூரத்தில் கூட்டிக் குடியேற்றினார்கள். தாத்துக்களை வரி வசூலிக்கும் ஊர்த்தலைவர்களாக மாற்றினார்கள். ஊர்ப் பொதுவில் இருந்த நிலம் மெல்ல அந்தத் தலைவர்கள் பெயருக்கும் துறவியர் சபைகளின் பண்ணைகளுக்கும் போனது. 1745-இல் மணிலாவைச் சுற்றியுள்ள மாகாணங்களில் விவசாயிகள் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. கலம்பாவில் டொமினிக்கன் சபையின் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்களில், பிலிப்பைன்ஸின் தேசிய நாயகர் ஹோசே ரிசாலின் குடும்பமும் ஒன்று.

சமவெளியின் கதை இது. என்னைத் தூங்கவிடாதது மலையின் கதை.

மணிலா இருக்கும் லூசோன் தீவின் வடக்கே கோர்டில்லேரா மலைத்தொடர். இகோரோட் என்று பொதுப்பெயரில் அழைக்கப்படும் இபலோய், பாண்டோக், கலிங்கா, இஃபுகாவோ மக்களின் இடம். அங்கே தங்கம் இருக்கிறது என்று தெரிந்து ஸ்பானியர் படை மேல் படையாக அனுப்பினார்கள். சுரங்கங்கள் வரைக்கும் ஏறினார்கள், தங்க முடியாமல் இறங்கினார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த மலைமக்களை முழுதாக அடக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் 1894-இல் வந்த மௌரா சட்டம், ஓராண்டுக்குள் பத்திரம் பதியாத நிலம் அரசுக்குத் திரும்பும் என்றது. 1898-இல் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, தான் ஒருநாளும் முழுதாக ஆளாத மலைகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தது.

மத்தேயோ கரின்யோ என்ற இபலோய் மனிதரின் வழக்கு இங்கேதான் வருகிறது. அந்த மலைத்தொடரில் உள்ள பகியோவில் 146 ஹெக்டேர் நிலம். பாட்டன் வேலி கட்டி மாடு மேய்த்தது, அப்பன் பயிரிட்டது, இகோரோட் வழக்கப்படி இவருக்கு வந்தது. ஸ்பானியர் காலத்திலேயே பத்திரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்; பலன் இல்லை. அமெரிக்க அரசு ராணுவத் தேவைக்கு என்று அதை எடுத்துக்கொண்டது. வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அரசு வழக்கறிஞர் வைத்த வாதத்தைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இவர்கள் ஸ்பானிய ஆட்சிக்குள் என்றைக்குமே வராத காட்டுமிராண்டிக் கூட்டம் என்கிறார். அதே வாயால், ஸ்பானிய மன்னருக்குச் சொந்தமாக இருந்ததால் இந்த நிலம் இப்போது எங்களுக்கு என்கிறார்!

1909-இல் நீதிபதி ஹோம்ஸ் கரின்யோ பக்கம் தீர்ப்பளித்தார். நினைவுக்கு எட்டிய காலம் முதல் ஒருவர் தன்னுடையது என்று அனுபவித்து வந்த நிலம், ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் இருந்தது என்று கொள்ள வேண்டும். அது அரசு நிலமாக இருந்ததே இல்லை என்று கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் சுதந்திர பிலிப்பைன்ஸ் பிடித்துக்கொண்டது மன்னரின் கோட்பாட்டைத்தான். சர்வாதிகாரி மார்க்கோஸ் காலத்து 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம், 18 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலத்தைப் பொதுவாகத் தனியுரிமைக்கு அப்பால் வைத்தது. மலையில் வாழ்பவனுக்கு வேறு எந்த நிலம் இருக்கும்? அதே காலத்தில் அந்த மலைகளில் ஓடும் சிக்கோ ஆற்றில் அணைகள் கட்டக் கிளம்பினார்கள். எதிர்த்து நின்ற கலிங்கா தலைவர் மாக்லி-இங் துலாக்கை 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டது. ஊர்கள் மூழ்காமல் தப்பின.

1997-இல் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் வந்தது. மூதாதையர் நிலத்தை அங்கீகரித்தது, அங்கே திட்டம் எதுவும் தொடங்குமுன் அந்த மக்களின் சம்மதம் வேண்டும் என்றது. உடனே வழக்கு: மண்ணும் கனிமமும் அரசமைப்புப்படி அரசுக்குச் சொந்தம், இந்தச் சட்டம் செல்லாது என்று. 2000-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 7-க்கு 7 எனப் பிரிந்தார்கள். பெரும்பான்மை இல்லாததால் மனு தள்ளுபடியானது, சட்டம் பிழைத்தது. கனிமம் இன்றும் அரசுடையதுதான். ஆகவே அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை என்றே நான் பார்க்கிறேன். அடுத்த முறை அது நீதிமன்றம் ஏறும்போது, 1909-இல் கரின்யோ வென்ற அந்த வரிகளை முழு அமர்வும் ஒருமனதாக எடுத்துப் பிடிக்க வேண்டும்.