உண்டியலும் உறியும்

மட்டக்களப்பு, கல்லடியில் மாமி வீட்டு விறாந்தை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். குதிக்காலில் இரண்டு பிளாஸ்டர்.

மாமி: என்ன மனே, செருப்புக் கடியா?

மருமகன்: இல்லை மாமி. வரமுதல் அமெரிக்காவில் அப்பலாச்சியன் நடைபாதைக்குப் போனேன். ஜார்ஜியாவில் தொடங்கி மேய்ன் வரைக்கும், 14 மாநிலம், 3,500 கிலோமீட்டர்.

மாமி: முருகா! முழுக்க நடந்தாயா?

மருமகன்: 60 கிலோமீட்டர்.

மாமி: மிச்சம்?

மருமகன்: அங்கேயேதான் இருக்கு.

மாமி: நான் பாதயாத்திரைக்கு மாமாங்கக் கோயிலில் கும்பிட்டு வெளிக்கிட்டால் திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. அங்கிருந்து காட்டுக்குள் இறங்கினால் கதிர்காமம்தான். பிளாஸ்டரெல்லாம் இல்லை. சரி, இரவில் எங்கே படுத்தாய்?

மருமகன்: பாதையோரம் ஒரு விடுதி. பழைய மாட்டுக் கொட்டில். மேல்தட்டில் பலகை, அதில் மெத்தை. கக்கூசு வெளியே ஒரு மரக்கூடு. தண்ணி கிடையாது, போய்விட்டு ஒரு கைப்பிடி மரத்தூள் போட வேண்டும்.

மாமி: அது பூனை செய்கிற வேலை. இதற்கு விமான டிக்கெட் வேறா?

மருமகன்: சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். கயிற்றின் நடுவே ஒரு டின்னைக் கவிழ்த்துக் கோர்த்திருப்பார்கள். எலி இறங்கி வந்தால் டின்னில் சறுக்கி விழுந்துவிடும். என்ன மூளை!

மாமி: உறியடா அது! உன் அம்மம்மா அடுப்படியில் டின்னுக்குப் பதில் சிரட்டை தொங்கியது. அப்போது நீ அண்ணாந்தே பார்க்கவில்லை.

(மருமகன் இருமுகிறார். பேச்சை மாற்றப் பார்ப்பவரின் இருமல்.)

மருமகன்: அங்கே நடக்கிற எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். நான் நூடுல்ஸுக்கு மிளகாய்த்தூள் கேட்டதால் என் பெயர் மிளகாய்.

மாமி: எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. யாத்திரையில் எல்லாரும் 'சாமி'. ஊரில் வட்டிக்குக் கொடுக்கிறவரும் உகந்தை தாண்டினால் சாமிதான். திரும்பி வந்ததும் பழையபடி வட்டி கேட்பார், அது வேறு. அறைக்கு எவ்வளவு கொடுத்தாய்?

மருமகன்: அதுதான் மாமி பிரச்சினையே. விலை இல்லை. வாசலில் ஒரு கோப்பி டின், மூடியில் ஓட்டை. விரும்பியதைப் போடலாம்.

மாமி: ஆர் பார்த்துக்கொண்டு நின்றது?

மருமகன்: ஒருவரும் இல்லை.

மாமி: போட்டவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்களா?

மருமகன்: இல்லை.

மாமி: டியூப் லைட்டில் எழுதுவார்களா?

மருமகன்: லைட்டே இல்லை மாமி.

மாமி: பிறகு போட்டது எப்படி ஊருக்குத் தெரியும்?

மருமகன்: தெரியாது. அதனால்தான் கஷ்டம்! 5 டொலர் எடுத்தேன், கை கூசியது. 10 எடுத்தேன், காலையில் தந்த பான்கேக் நினைவு வந்தது. டின்னுக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றேன். உரிமையாளரின் நாய் வந்து என்னையே பார்த்தது. 20-ஐப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

மாமி (விரல் விட்டு எண்ணி): ஆறாயிரம் ரூபாயா! மாட்டுக் கொட்டிலுக்கு! அந்த நாய்க்குச் சம்பளம் கொடுக்க வேணும். விலை சொல்லியிருந்தால் பேரம் பேசியிருப்பாய்.

மருமகன்: அங்கே சிலர் காசு கொடுக்க மாட்டார்கள். பாத்திரம் கழுவுவார்கள், விறகு பிளப்பார்கள். அதற்குப் படுக்கை.

மாமி: அதை நீ செய்திருக்கலாமே?

மருமகன்: கால் நோவு மாமி.

மாமி: கை நல்லாத்தானே இருந்தது? உகந்தையில் அன்னதானப் பந்தலில் ஒருவரும் என்னிடம் காசு கேட்டதில்லை. சாப்பிட்டு எழும்பினதும் ஒரு வாளியைக் கையில் தந்து, "சாமி, அந்தப் பக்கம் சாம்பார் விடுங்க" என்பார்கள். முந்நூறு இலைக்கு விட்டிருக்கிறேன். தோள்மூட்டு இன்னும் சொல்லும்.

(அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசம் வருகிறது. மருமகன் நிமிர்ந்து உட்கார்கிறார்.)

மருமகன்: மாமி, இங்கே எவ்வளவு போட வேண்டும்?

மாமி: இங்கே டின் இல்லை மனே. சொதிக்கு ரெண்டு தேங்காய் உரித்து வைத்திருக்கிறேன். திருவலை அந்த மூலையில்.

மருமகன்: கால்...

மாமி: இருந்துதான் திருவுறது, மிளகாய்.