க்ராப்பர்ங்கிற பேர் டாய்லெட்டால வந்ததா?

ஃபிளஷ் டாய்லெட்ட கண்டுபிடிச்சவர் தாமஸ் க்ராப்பர், அதனாலதான் அவர் குடும்பத்துக்கே அந்த பேர் (இங்கிலீஷ் பேச்சுல 'க்ராப்'னா மலம்) ஒட்டிக்கிச்சுன்னு ஒரு ஃபார்வேர்டு சுத்திட்டு இருக்கு, ரெண்டுமே தப்புங்க. 1836ல யார்க்‌ஷயர்ல அவர் பிறக்கறதுக்கு முன்னாடியே குடும்பப் பேர் க்ராப்பர்தான், பயிர் அறுக்கிற தொழில வச்சு வந்ததா சொல்றாங்க, இங்கிலாந்துல எல்லா இடத்துலயும் காணக் கிடைக்காது ஆனா யார்க்‌ஷயர் பக்கம் பழைய பேர். ஃபிளஷ் சமாச்சாரம்? முதலாம் எலிசபெத் ராணியோட ஞானமகன் ஜான் ஹாரிங்டன் 1596லயே எழுதிட்டாரு, 1775ல அலெக்சாண்டர் கம்மிங் பேட்டன்ட்டும் வாங்கிட்டாரு, அப்போ நம்மாளு பிறக்கவே இல்ல! க்ராப்பர் லண்டன் செல்சி பக்கம் கடை வச்சிருந்த கெட்டிக்கார பிளம்பர், டாய்லெட்ட ஷோரூம்ல தைரியமா காட்டி வித்தவர், அரண்மனை வேலையும் பாத்தவர், ஆனா 'சர்' பட்டம் வாங்கினாருங்கறதும் கட்டுக்கதைதான்.