18 நிமிடமும் வீணில்லை

நீளநீளமான, சிக்கலான பாட்டுகளுக்குப் பேர்போன ராக் வகையான புரோக்ரஸிவ் ராக் என்றாலே "சும்மா இழுப்பார்கள்" என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பம்தான். 1972-இல் வந்தது, மொத்தமே மூன்று பாட்டு. ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

இந்த நீளம் சலிக்காததற்கு என்னைப் பொறுத்தவரை காரணம் ஒன்றுதான், ஆரம்பத்தில் போட்ட எதையும் அவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை. பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மெல்ல ஏறிக்கொண்டே வர, திடீரென்று ஸ்டீவ் ஹவ்வின் கிடார் பாய்கிறது, கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் ஒரு பக்கம், பில் புரூஃபோர்டின் டிரம்ஸ் இன்னொரு பக்கம் என்று ஆளாளுக்கு ஓடுகிறார்கள், இனி தாங்காது என்னும்போது "ஆ" என்று குரல்கள் எழ, அத்தனை பேரும் சட்டென்று நிற்கிறார்கள். முதல் தடவை கேட்டால் கூச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 14-ஆவது நிமிட வாக்கில் ஆரம்பத்தில் வந்த அதே இசைத்துண்டு திரும்பி வருகிறது, கிடாருக்குப் பதில் ரிக் வேக்மேனின் ஹேமண்ட் ஆர்கன் என்னும் மின் கீபோர்டில். அப்போது புரியும், அந்தக் கூச்சலில் ஒரு சுரம்கூட தற்செயல் இல்லை என்று.

நடுவில் டிரம்ஸ் அடங்கிப்போகும் பகுதிதான் எனக்கு உயிர். ஜான் ஆண்டர்சன் மேலே ஒன்று பாட, ஸ்குவயரும் ஹவ்வும் கீழே வேறு வரிகளைப் பாட, அதற்கு மேல் லண்டன் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில் பதிவுசெய்த பைப் ஆர்கன் வந்து விழுகிறது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலை வைத்து எழுதிய வரிகள்தான், ஆனால் வரிக்கு வரி அர்த்தம் தேடினால் ஒன்றும் தேறாது. தேடாதீர்கள், குரலை இன்னொரு வாத்தியமாகக் கேளுங்கள், போதும்.

மறுபக்கத்தில் 'அண்ட் யூ அண்ட் ஐ' அழகு. 'சைபீரியன் கட்ரூ' கடைசியில் கொஞ்சம் முன்னாடியே முடிந்திருக்கலாம்.

அடுத்த வருடமே இவர்கள் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' போட்டார்கள், இரண்டு தட்டு, நான்கு பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஒரு அடிக்குறிப்புதான் அதற்கு விதை. அங்கே இசைத்தட்டின் பக்கக் கணக்கை முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம் இசையை நிரப்பியது மாதிரி எனக்குப் படுகிறது. இருந்த இசை ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாது என்பதுதான் வேக்மேனின் குறையும், 1974-இல் குழுவை விட்டே போய்விட்டார். புரூஃபோர்ட் அதற்கு முன்பே, 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு, கிங் கிரிம்ஸன் என்ற இன்னொரு குழுவுக்குப் போயாயிற்று. இந்த ஐந்து பேரும் சேர்ந்து இரண்டே இரண்டு ஸ்டூடியோ ஆல்பம்தான் அந்தக் காலத்தில் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.