அந்தச் சிரிப்பைக் கேலி செய்கிறவர்களுக்கு

நேற்று ராத்திரி சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஃபைனல் ஃபேண்டஸி 10 வீடியோ கேமில் கதாநாயகன் டீடஸ் ‘ஹா ஹா ஹா’ என்று கத்திச் சிரிக்கிற காட்சி, வருஷக்கணக்காக இணையத்தில் கேலிக்கென்றே சுற்றுகிறது. கீழே, “என்னண்ணே, இதுக்கா நீங்க உருகினீங்க?” என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, அது போலிச் சிரிப்பு. அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஊர் ஊராக அழித்துக்கொண்டு வரும் ‘சின்’ என்கிற பூதம் தன் அப்பாதான் என்று தெரிந்து டீடஸ் உடைந்துபோய் நிற்கிறான். மனசு கனத்தாலும் சிரிக்கப் பழகு என்கிறாள், அந்தச் சின்னை அழிக்கப் பயணம் கிளம்பியிருக்கும் யூனா. அவன் வம்படியாகச் சிரிக்கிறான், கேட்கவே நாராசமாக இருக்கிறது, அந்த நாராசத்தில்தான் கடைசியில் ரெண்டு பேருக்கும் நிஜமாகவே சிரிப்பு வருகிறது. இந்தப் பயணத்தின் முடிவில் தன் உயிர் போய்விடும் என்று யூனாவுக்குத் தெரியும், கூட வருகிறவர்களுக்கும் தெரியும், டீடஸுக்கு மட்டும் தெரியாது. இத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு பத்து விநாடியை மட்டும் காட்டினால் எந்தக் காட்சிதான் தாங்கும்?

வசனத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2001இல் வந்த அந்த கேமில்தான் அந்தத் தொடரின் பாத்திரங்கள் முதன்முதலாகக் குரலில் பேசினார்கள். ஜப்பானிய வசனத்துக்கு அசைந்த உதட்டுக்கு ஆங்கிலத்தைப் பொருத்த வேண்டியிருந்ததால் சில இடங்களில் பேச்சு இழுக்கும், சில இடங்களில் ஓடும். அது டப்பிங் சங்கடம். உணர்ச்சியைக் கொட்டுவதே அசிங்கம் என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் நாம் வளர்ந்தது அப்படியில்லை. திருவிழாவில் அரிச்சந்திர மயான காண்டம் போட்ட ராத்திரியை நினைத்துப் பார். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைச் சந்திரமதி மடியில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாட்டாக அழுவாள், ஆர்மோனியம் விடாமல் கூடவே போகும். சுடலை காக்கும் புருஷன் எதிரே வந்து முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்பான். அப்பத்தாவுக்கு அடுத்து வரும் வரி தெரியும், முடிவும் தெரியும், ஆனாலும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதது. யாரும் அதைப் பார்த்து ‘ஓவர் ஆக்டிங்’ என்று சொல்லவில்லை. மேடையில் நின்றவர் ஒவ்வொரு சொல்லையும் நம்பிச் சொன்னார், அது போதுமாக இருந்தது.

1997இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7இல் ஏரித் என்கிற பெண் சாவதும் எனக்கு அந்த வரிசைதான். லீவில் ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, லெவல் ஏற்றி, நல்ல ஆயுதமாகப் பார்த்து மாட்டி வளர்த்த ஒருத்தியை முதல் டிஸ்க் முடிகிற இடத்தில் கொன்றுவிடுகிறார்கள். உடனே பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு மோதல். வழக்கமான சண்டை இசை வரும் என்று நினைத்தால் வராது, அவளுடைய அந்த மெல்லிய இசையே அடிதடிக்கு நடுவிலும் போய்க்கொண்டிருக்கும். மிகையென்றால் மிகைதான், ஆனால் பட்டன் அழுத்துகிற விரல் கனத்துப்போனது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். தன் கதையையே நம்பாத கேம்கள். 2023இல் வந்த ஃபோர்ஸ்போக்கனில் நியூயார்க்கில் வாழும் ஒரு பெண் மாய உலகத்தில் போய் விழுகிறாள், கையில் பேசும் காப்பு ஒன்று மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு நல்ல தொடக்கம்! ஆனால் ஆபத்தோ அதிசயமோ எது வந்தாலும் ரெண்டு பேரும் நக்கலடித்துக்கொண்டே போகிறார்கள். காப்பு பேசுவதைக் குறைக்க செட்டிங்ஸில் வசதியே வைத்திருக்கிறார்கள். வியக்க வேண்டியவளே வியக்கவில்லை என்றால் நான் எதற்கு வியக்க வேண்டும்? டிராகன் வந்தால் பயப்படட்டும், நண்பன் செத்தால் ஓவென்று அழட்டும். வசனம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே.

தம்பி, அடுத்த முறை காரைக்குடி வந்தால் ரெண்டு நாள் சேர்த்துத் தங்கு. என் பழைய பிளேஸ்டேஷன் 2 நன்றாக ஓடுகிறது, நீ முதலிலிருந்தே விளையாடு. லூகா ஊரில் அந்தச் சிரிப்பு வரும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த கேமில் காட்சிகளை ஸ்கிப் செய்யவும் வழி கிடையாது.