சோற்றை அறவே விட வேண்டியதில்லை

உடற்கொழுப்பைக் குறைக்க முதலில் சோற்றைக் கைவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னை ராயபுரத்தில் வசிக்கும் நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் வாரமே பசி தாளாமல், மாலைதோறும் கடற்கரைச் சாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு, இழந்த எடையை மீட்டுக்கொண்டேன். பிறகு சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரைக்கும் அவரைக்காய்ப் பொரியலுக்கும் கொடுத்ததுடன், காசிமேட்டில் வாங்கும் சங்கரா மீனை வறுக்காமல் குழம்பில் போடச் சொன்னேன் (வீட்டில் எழுந்த எதிர்ப்பு தனிக்கதை). புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கிலோகலோரி என்றால் எண்ணெயில் 9. ஆகவே நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தாலே ஏறத்தாழ 240 கிலோகலோரி மிச்சமாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கிலோகலோரிக்குச் சமம் என்பதால், கணக்குப்படி மாதம் ஏறத்தாழ ஒரு கிலோ குறைய வேண்டும்; எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதால், நடைமுறையில் வேகம் மட்டுப்படுகிறது. எனக்குப் பதினொரு மாதங்களில் 7 கிலோ குறைந்தது. தேநீரில் சர்க்கரையை மட்டும் விட முடியவில்லை; நான்கு குவளையை இரண்டாக்கியதோடு நிற்கிறேன்.