ஒரே மூச்சில் வாசித்ததல்ல

ஜெர்மன் ராக் குழுவான கேனின் 'டாகோ மாகோ' (1971) ஆல்பம் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பதிவானது என்கிறது ஒரு கட்டுரை. அது சரியில்லை. கொலோனுக்கு அருகே நோர்வெனிஷ் கோட்டையில் மணிக்கணக்காக வாசித்ததை டேப்பில் பிடித்து, பேஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் சூக்காய்தான் பிளேடால் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். மின்னணு இசை முன்னோடி ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர், கேட்கவா வேண்டும்!

பதிவு இரண்டே டிராக்கில், அதாவது எல்லா வாத்தியமும் இரண்டே ஒலித்தடத்தில் கலந்து. டிரம்ஸ் தூக்கலாக இருந்தால் பிறகு தனியாகக் குறைக்க வழியில்லை. வாசிக்கும்போதே அளவு அமைய வேண்டும். ஒட்டும் இடத்தில் வேகம் இம்மி மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். சிம்பல் என்ற உலோகத் தட்டை அடித்து அதிர்வு அடங்குமுன் வெட்டினால் ஓசை பாதியில் அறுந்து நிற்கும். டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்சைட்டின் தாளம் இயந்திரம் மாதிரி பிசகாததால்தான் இத்தனை ஒட்டு தாங்கியது. அவருக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, அநியாயம்.

ஆல்பத்தில் உள்ள 'ஹாலலூவா' பாட்டு பதினெட்டரை நிமிடம், எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க அதுவே. பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டிவரும், ஒலி அளவும் பேஸும் (அடித்தொனி) குறையும். இதில் அந்தச் சிக்கல் இல்லை. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும். புதிதாகக் கேட்பவர்கள் 'ஆம்ன்' பாட்டு உள்ள பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.